கட்டைப் பார்த்து வண்டி வாங்குங்கள்



நவரை அறுப்பு நெருங்கிவிட்டால் நம் அலுவலகத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. மரக்காணம், கூனிமேடு, அனுமந்தை பக்கத்திலிருந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சேதியைத்தான் சொல்கிறார்கள். "பழைய வைக்கோல் கட்டுற மெஷின் ஒண்ணு விலைக்கு வருதுங்க. வாங்கிப் போடலாமா?" எந்தக் கம்பெனி, எத்தனை சீசன் ஓடியது, டயர் எப்படி, கடைசி விலை என்ன என்பதெல்லாம் அவர்களுக்கு நாக்கு நுனியில் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கும் கேள்விக்குத்தான் சற்றுத் தயங்குகிறார்கள். "கட்டப்போற கட்டு யார் வீட்டுக்குப் போகுது? அங்க எத்தனை மாசம் கிடக்கும்?"

இதற்கு விடை தெரிந்துவிட்டால் எதனால் சுற்றுவது என்பது தெரிந்துவிடும். சுற்று முடிவானால் எந்த மெஷின் என்பதும் முடிவாகிவிடும். நாமோ வண்டியை முதலில் பார்த்துவிட்டுக் கட்டைக் கடைசியில் யோசிக்கிறோம். அந்த வரிசையை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

கதிர் அறுத்துக் களத்தில் அடித்த காலத்தில் வைக்கோலுக்குத் தனி மெஷின் தேவைப்படவில்லை. தாள் முழுசாக இருந்தது. அதையே திரித்துப் பிரியாக்கி, அந்தப் பிரியாலேயே கட்டித் தூக்கிவந்து, கொல்லையில் போர் போட்டார்கள். போரின் தலையைக் கூம்பாக வேய்ந்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை மேலோடு வழிந்து போய்விடும். உப்பு அம்பாரத்துக்குக் கீற்று வேய்கிற நம் உப்பளத்துக்காரர்களுக்கும் இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும்.

அறுவடை வண்டி வந்த பிறகு தாள் நசுங்கி, வயலில் வரிசையாக விழுகிறது. செயின் வண்டி ஓடிய ஈர வயல் என்றால் அதில் ஒரு பங்கு சேற்றில் மிதிபட்டுப் போகிறது. மிச்சத்தைக் கையால் வாரிச் சேர்க்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. அந்த இடத்தில்தான் டிராக்டருக்குப் பின்னால் இழுபடும் பேலர் நுழைந்தது. இன்று வைக்கோல் கட்டுக் கணக்கில் விலை போகிறது. டெல்டாவிலிருந்து லாரி லாரியாகக் கேரளத்துக்கும் போகிறது.

உருளைக் கட்டு நமக்குப் புதிது, உலகத்துக்குப் பழசு. அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947-லேயே சிறிய உருளைக் கட்டு மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆளுயர உருளைகளைச் சுருட்டும் மெஷின் 1970-களின் தொடக்கத்தில் அயோவா மாநிலத்து வெர்மீர் நிறுவனத்திலிருந்து வந்தது. பஞ்சாப், அரியானா பக்கம் சதுரக் கட்டு மெஷின்கள் அதிகம். நம் சின்ன வயல்களுக்கும் குறுகிய வரப்பு வழிகளுக்கும் சரிப்பட்டது சின்ன உருளைதான். சுமார் இரண்டடி விட்டம், மூன்றடி சொச்சம் நீளம், ஒரு ஆள் தோளில் ஏற்றிவிடக்கூடிய எடை. பெரிய உருளையைத் தூக்கத் தனி லோடர் வேண்டும். அது நம் வசதிக்கு ஒத்துவராது.

இனி நம் கரைக்கே உரிய தொல்லைக்கு வருகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உப்புப் பாத்திகள், மரக்காணத்துக்குத் தென்மேற்கே கழுவெளி ஏரி, பக்கிங்காம் கால்வாய் வந்து சேரும் கழிமுகம். இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். உப்பு வாரிய பிறகு பாத்தியில் தங்கும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். கடலோர இரவுகளில் 75-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் இங்கே வெளியில் நிற்கும் இரும்பு இரவெல்லாம் நனைந்தபடிதான் நிற்கிறது. மூலையில் அடைந்துகிடக்கும் வைக்கோல் தூசி அந்த ஈரத்தைப் பகலிலும் விடாமல் பிடித்துவைக்கிறது. இரும்புக்கு நேர்வது இதென்றால், வைக்கோல் கட்டுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான்.

ஆகவே முதலில் கட்டு எங்கே போகிறது என்று பார்ப்போம்.

சொந்த மாட்டுக்கு, கொட்டகைக்குள், இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும் வைக்கோல் என்றால் சணல் நூல் போதும். மலிவு, எங்கும் கிடைக்கும். ஒரு துண்டு தவறித் தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குள் போனாலும் பெரிய கேடில்லை. மிச்சத்தை எருக்குழியில் போட்டுவிடலாம். ஆனால் ஈரத்தில் இற்றுப்போகும், எலி கடிக்கும். தரையில் போட்ட கட்டுக்கு அடிப்பக்க நூல்தான் முதலில் போகும். இரண்டடி விட்டக் கட்டுக்கு ஒரு சுற்று சுமார் ஆறேகால் அடி. பத்துச் சுற்று என்றால் 63 அடி. ஏக்கருக்கு முப்பது கட்டு விழுகிறது என்று வைத்தால் 1,900 அடி, அதாவது கிட்டத்தட்ட 575 மீட்டர் நூல் ஓடுகிறது. கடையில் நூல் வாங்கும்போது உருண்டையின் விலையைக் கேட்காதீர்கள். உருண்டையில் எத்தனை மீட்டர், இழை ஒரே கனமாக இருக்கிறதா என்று கேளுங்கள். நடுவில் மெலிந்து அறுந்தால் நூலோடு அரை மணி நேரமும் போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சின்ன உருளை மெஷின் நூலுக்கு முடிச்சுப் போடுவதில்லை. சுற்றி, அறுத்து விட்டுவிடும். வைக்கோலின் இறுக்கமும் நூலின் சொரசொரப்பும்தான் கட்டைப் பிடித்துவைக்கின்றன. இரண்டாவது வகையான வழுவழுப்பான பிளாஸ்டிக் நூலைப் போட்டால் முனை நழுவி அவிழ வாய்ப்பு அதிகம். முடிச்சுப் போடுவது சதுரக் கட்டு மெஷின். பிளாஸ்டிக் நூலுக்கு அதுதான் தோது. பிளாஸ்டிக் நூல் ஈரத்துக்கு அசையாது, வெயிலுக்கு அசையும். நாள்பட்டால் பொடிந்து இழை இழையாக உதிரும். அந்த இழை மாட்டின் வயிற்றில் சேர்ந்தால் வெளியே வராது. அந்த நூலைத்தான் கட்டுவேன் என்கிறவர்கள், கட்டை அவிழ்த்ததும் நூலை எண்ணி எடுத்து ஆணியில் மாட்டும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாவது வலை. நெட் ராப் என்கிறார்கள். இரண்டு மூன்று சுற்றில் வேலை முடிந்துவிடும் என்பதால் நேரம் மிச்சம். உதிரும் இலையையும் பொடியையும் பிடித்துவைக்கும் என்பதால் மல்லாட்டைக் கொடி கட்டுகிறவர்களுக்கு நல்லது. கொடியில் சத்து இலையில்தானே இருக்கிறது? மேல்பரப்பு வழவழப்பாக அமைவதால் தூறலும் ஓரளவு வழிந்துபோகும். ஆனால் விலை கூடுதல். வலை சுற்றும் வசதி எல்லா மெஷினிலும் இருக்காது. பழைய வண்டியில் பிற்பாடு பொருத்திக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், பொருத்தி ஓடும் வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகு நம்புங்கள். தீவனம் வைக்கும் முன் வலையை முழுவதுமாக உரித்தெடுக்க வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

நான்காவது பிளாஸ்டிக் பிலிம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிலிம் என்பது பச்சைத் தீவனத்துக்கு. பால் பருவத்துச் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் நறுக்கி, அழுத்தி, காற்றுப் புகாமல் சுற்றினால் உள்ளே புளித்து ஊறுகாய்ப் புல்லாகும். பொதுவாக 25 மைக்ரான் பிலிமை நான்கு முதல் ஆறு அடுக்கு சுற்றுவார்கள். காக்கை கொத்தினாலும் எலி ஓட்டை போட்டாலும் அன்றைக்கே ஒட்டுப்போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்திலிருந்து பூஞ்சை பரவும். காய்ந்த வைக்கோலுக்கு இந்தச் செலவு வீண். அரைகுறை ஈரத்தோடு வைக்கோலைப் பிலிமில் மூடினால் வியர்த்து உள்ளே கறுத்துவிடும். வைக்கோலின் தரத்தைக் கூட்டத்தான் வேண்டும் என்றால் யூரியா ஊட்டம் இருக்கிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, சீராகத் தெளித்து, 21 நாள் காற்றுப் புகாமல் மூடிவைக்க வேண்டும். எடுத்ததும் சற்று ஆறப்போட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு வேண்டாம்.

மழைக்காலத்தை வெளியிலேயே தாண்ட வேண்டிய கட்டு என்றால் எந்தச் சுற்றும் தனியாகக் காப்பாற்றாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு நூலும் வலையும் ஒன்றுதான். பனங்கட்டை போட்டுத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி அடுக்குங்கள். மேலே தார்ப்பாயைக் கூரை போலச் சரித்துக் கட்டி, இரண்டு முனையிலும் காற்றுப் போக வழி விடுங்கள். நூலில் செலவழிப்பதைவிட இந்த மேடையில் செலவழித்தால் பலன் அதிகம்.

எந்தச் சுற்றானாலும் உள்ளே போகும் வைக்கோல் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் 15 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி; அதற்கு மேலே போகப் போகக் கட்டு சூடேறும், முடை நாற்றம் அடிக்கும், பூஞ்சை பிடிக்கும். கடலோரப் பனி காலை நெடுநேரம் தாளை விடாது. ஆகவே மெஷினை வெயில் ஏறிய பிறகு இறக்குங்கள். ஒரு பிடி வைக்கோலை முறுக்கிப் பார்த்தால் படபடவென ஒடிய வேண்டும், தோல் மாதிரி வளைந்தால் பொறுங்கள்.

தானியத்தின் ஈரம் பார்க்க நெடுநாளாக இருந்துவரும் உப்புச் சோதனையை இதற்கும் செய்யலாம். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு உப்புத் தூள் போடுங்கள். வைக்கோலைப் பொடியாக நறுக்கிப் பாதி வரை நிரப்பி, மூடி, சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு உதிரியாக அடியில் விழுந்தால் கட்டலாம். பாட்டிலின் பக்கத்தில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன அதே 75 சதவீதக் கணக்குத்தான் இங்கே நமக்கு வேலை செய்கிறது. ஒரே எச்சரிக்கை, அளத்திலிருந்து அள்ளிவந்த உப்பை இதற்குப் போடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் முன்கூட்டியே கசிந்து, காய்ந்த வைக்கோலையும் ஈரம் என்று காட்டிவிடும். கடையில் விற்கும் சுத்திகரித்த தூள் உப்பு, அதுவும் வாணலியில் வறுத்து ஆறவைத்ததுதான் சரி.

கட்டும் சுற்றும் முடிவாகிவிட்டன. இப்போது வண்டியைப் பார்க்கப் போகலாம்.

புதுப் பெயின்ட்டைக் கண்டு மயங்க வேண்டாம். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போங்கள். கட்டு சுருளும் அறையின் அடித்தகடு, பக்கத் தகடு சேரும் மூலை, வைக்கோல் அடையும் சந்து ஆகிய இடங்களில் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் பட்டியும் பெயின்ட்டும்தான் இருக்கின்றன. அடுத்து செயின். பல்சக்கரத்தைச் சுற்றி வளையும் இடத்தில் செயினை விரலால் வெளியே இழுங்கள். பல்லின் பாதி உயரத்துக்கு மேல் எழும்பி வந்தால் செயின் நீண்டுவிட்டது. பல்லே சுறாவின் துடுப்பு மாதிரி ஒருபக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தால் செயினோடு சக்கரத்தையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பேரிங்கைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் கிரீஸ் வழிந்த தடம் இருந்தால் உப்பு ஈரம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். செயினைக் கழற்றி உருளையைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். நறநறவென்றால் அந்த பேரிங் அடுத்த சீசனைக் காணாது. பின்கதவைத் தூக்கும் ஹைட்ராலிக் தண்டில் புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் எண்ணெய் கசியும். கியர் பாக்ஸ் எண்ணெய் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டிராக்டரின் சுழற்சியை மெஷினுக்குக் கொண்டுவரும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டில், அடைத்துக்கொண்டால் தானே உடைந்து காப்பாற்றும் ஷியர் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியான சாதா போல்ட் போட்டிருந்தால், அந்த வண்டி அடைத்துக்கொண்டபோதும் நிறுத்தாமல் ஓட்டப்பட்டிருக்கிறது. அந்த அடியை உள்ளே கியர் வாங்கியிருக்கும். பொறுக்கி எடுக்கும் கம்பி விரல்கள் ஒன்றிரண்டு உடைந்திருந்தால் கவலையில்லை, அவை மாற்றுகிற சாமான்தான்.

இதெல்லாம் நின்ற வண்டியில் பார்ப்பது. உண்மையைச் சொல்வது ஓடும் வண்டி. அதையும்விட நன்றாகச் சொல்வது அது போட்ட கட்டு. உங்கள் டிராக்டரைக் கொண்டுபோய் மாட்டுங்கள். நிதானமாகப் பத்துக் கட்டு போடச் சொல்லி வரிசையாக நிறுத்துங்கள். ஒருபக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிப்போன கட்டு என்றால், ஓட்டியவர் வரிசையை ஒருபக்கமாகவே ஏற்றியிருப்பார். ஓட்டுபவரை மாற்றியும் அதே வடிவம் வந்தால் கோளாறு வண்டியில்தான். வெளியே இறுகி, உள்ளே கை நுழையும் அளவுக்குத் தளர்ந்திருப்பது சின்ன உருளையில் கொஞ்சம் இயல்பு. மேற்பரப்பே தளர்ந்தால் கதவின் பூட்டும் அழுத்தமும் போய்விட்டன. நூல் ஒருபுறம் குவிந்து மறுபுறம் இல்லாவிட்டால் நூலை நகர்த்தும் கை சரியில்லை. நூல் முனை பிய்ந்து தொங்கினால் கத்தி மழுங்கியிருக்கிறது. டிரெய்லர் உயரத்திலிருந்து ஒரு கட்டைத் தள்ளிவிடுங்கள். விழுந்தும் அவிழாத கட்டுதான் வியாபாரியின் லாரியில் ஏறும். எல்லாம் முடிந்து இன்ஜினை அணைத்த பிறகு ஒவ்வொரு பேரிங் கூட்டையும் புறங்கையால் அணுகிப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நாளை அங்கேதான் வைக்கோல் தூசி பற்றிக்கொள்ளும்.

அடுத்தது காகிதம். வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியம் புது இயந்திரத்துக்குத்தான். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு விகிதம் கூடுதல், மற்றவர்களுக்குச் சற்றுக் குறைவு, உச்சவரம்புக்கு உட்பட்டு. உதாரணத்துக்கு, புது வண்டி நான்கு லட்சம், உங்களுக்குப் பாதி மானியம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இரண்டேகால் லட்சத்துக்கு வரும் பழைய வண்டி மலிவே இல்லை. பழையதை ஒப்பிட வேண்டியது புதியதன் கடை விலையோடு அல்ல, மானியம் போக நீங்கள் கொடுக்கப்போகும் தொகையோடு. விற்பவர் மானியத்தில் வாங்கியவர் என்றால், விற்கக்கூடாத கெடு முடிந்துவிட்டதா என்று வட்டார அலுவலகத்தில் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். அசல் ரசீதும் சேசிஸ் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். உதிரிபாகம் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ அன்றே கிடைக்கும் வண்டியாகப் பாருங்கள். சீசனில் மூன்று நாள் நின்றால் அந்த வருஷத்து லாபம் நின்றது.

வாங்கிய பிறகு இரண்டு காரியம். ஒவ்வொரு சீசன் முடிவிலும் உள்ளே இருக்கும் வைக்கோலைக் கடைசித் துரும்பு வரை வாரியெடுத்து, நல்ல தண்ணீரால் கழுவி, காயவைத்து, செயினுக்கும் பேரிங்குக்கும் எண்ணெய் கிரீஸ் கொடுத்து, கூரைக்கு அடியில் விடுங்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீரே பல இடங்களில் உப்பு. அதில் கழுவுவதும் கழுவாததும் ஒன்று.

இரண்டாவது, உயிர். அடைத்துக்கொண்ட வைக்கோலை பி.டி.ஓ. சுற்றும்போது கையால் பிடுங்கவே கூடாது. தாளைப் பிடித்த கை விடுவதற்குள் மெஷின் இழுத்துவிடும். இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். கட்டு ஏற்றிய வண்டி தாழ்வான மின்கம்பியில் உரசித் தீப்பிடித்த செய்தியை ஒவ்வொரு அறுப்பிலும் படிக்கிறோம். ஒரு அடுக்கு குறைத்து ஏற்றினால் ஒரு நடை கூடும், அவ்வளவுதான்.

எப்போது வாங்குவது என்றும் கேட்கிறீர்கள். மழைக்காலத்தில் விலை இறங்கும் என்பது உண்மை. ஆனால் அப்போது கட்டிப் பார்க்க வைக்கோல் இருக்காது, விற்பவர் சொல்வதுதான் வேதம். அறுப்பு முடியும் தருவாயில், கடைசி வயல்களில் இன்னும் வைக்கோல் கிடக்கும்போது போங்கள். விற்பவருக்கும் அடுத்த சீசன் வரை வண்டியை வைத்துக் காக்க மனமிருக்காது, உங்களுக்கும் பத்துக் கட்டு போட்டுப் பார்க்க வயல் இருக்கும். தனியாக முடியாதவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். யார் வயல் முதலில், ரிப்பேர் செலவு எப்படிப் பிரியும் என்பதை மட்டும் வாங்கும் முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் எந்த நூல் எத்தனை மாதம் தாங்கியது, எந்தப் பாகம் முதலில் துருப்பிடித்தது என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். உப்புக் காற்றில் மெஷின் ஓட்டுகிறவரின் அனுபவம் எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் கிடைக்காது. வரும் கடிதங்களைத் தொகுத்து, சம்பா அறுப்புக்கு முன் வரும் இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்